மிகக் கூடாத இடத்தில் ஒரு ‘க்’

டேய் தம்பி,

‘அன்புள்ள மகனுக்கு’ என்று ஆரம்பித்தால் இங்கே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நீ பயந்துவிடுவாய். அதனால் வாயில் வருகிறபடியே கூப்பிட்டுவிட்டேன். எல்லாரும் நலம்தான். உன் அம்மா உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, திருக்கோவிலூரில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டாள். நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். அதற்குள் இதை எழுதி முடித்து, உன் புதுக்குடித்தனத்துக்காக அவள் கட்டி வைத்திருக்கும் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைக்க வேண்டும். ஒளித்துவைப்பதில் உன் அப்பன் கெட்டிக்காரன். பத்தாவது படிக்கும்போது தமிழய்யாவின் பிரம்பை ஒளித்துவைத்துவிட்டு, அதைத் தேடப் போன கூட்டத்துக்கு நானே தலைமை தாங்கினவன். தாடி நரைத்தும் அந்தப் பயல் இன்னும் எனக்குள்ளேதான் குந்தியிருக்கிறான். ஆனால் அந்தப் பயல் பன்னிரண்டு வருஷமாக ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறான். அதை வெளியே எடுக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ பல் தேய்த்துக்கொண்டே பேசினாய். நீ துப்பின நுரை சிவப்பாக இருந்தது. “இன்னாடா அது, ரத்தமா?” என்று கேட்டேன். “அது ஒண்ணியும் இல்லப்பா. அழுத்தித் தேய்ச்சா வரும். ரத்தம் வந்தாதான் அழுக்கு பூடுச்சுன்னு அர்த்தம்” என்றாய். அது உன் வசனம் இல்லையடா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ ஒன்பதாவது படிக்கும்போது, உன் அம்மா குழாயடியில் நின்று சொன்ன அதே வசனம். நான் வாயைத் திறப்பதற்குள், என் தோளுக்குப் பின்னாலிருந்து அவள், வழக்கம்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “நீ கவலப்படாத தம்பி. என் ஃப்ளாஸ்க்க உனக்கே குடுத்து அனுப்புறேன். வெந்நி வெச்சிக் கொப்புளிச்சிக்கினே இரு, எல்லாம் சரியாப் பூடும்” என்றாள். மறுநாள் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, உன் பெட்டியின் மேலாக உட்காரவைத்துவிட்டாள். சிவப்பு ஃப்ளாஸ்க். ஒரு லிட்டர். நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது. ஆகையால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நம் குடும்பத்துப் பல் வரலாறு. நமக்குச் சொத்து கிடையாது, சொத்தை உண்டு. வடக்கனந்தல் பக்கத்தில் யார் யாருடைய கரும்பையோ நானும் உன் அம்மாவும் வெட்டியிருக்கிறோம். பட்டா இல்லாமலே எங்களுடையதாக இருந்தது பல் மட்டும்தான். கரும்பு வெட்டுகிறவன் கரும்பைக் கத்தியால் சீவித் தின்றால் அது கேவலம். பல்லால் தோலை உரிக்க வேண்டும், கணுவைக் கடித்துத் துப்ப வேண்டும். அதில் எனக்குப் போட்டி ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் ஒருநாள், முழுக் கரும்பு ஒன்றை நான் பாதி உரிப்பதற்குள் அவள் முழுதும் உரித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்திரண்டும் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். “இன்னா, எண்ணிக்கினு கீறியா?” என்றாள். “எண்ணி முடிச்சிட்டேன், ஒண்ணு ஜாஸ்தியா கீது” என்றேன். கரும்புச் சக்கையை என் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள். அந்தச் சிரிப்புக்குத்தானடா நான் தாலி கட்டினேன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

சக்கை பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குத்துவோம். அது இல்லாவிட்டால் தீக்குச்சி. உன் அம்மாவுக்கு அவள் வளையலில் எப்போதும் தொங்குகிற ஊக்கு. குத்தினால் ரத்தம் வரும், துப்பிவிட்டு அடுத்த கட்டை வெட்டப் போவோம். ஈர்க்கு ஈறுக்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரைவாசி ஆயுள் ஆயிற்று. இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் இத்தனை பகை என்று தமிழய்யாகூடச் சொல்லித்தரவில்லை. அவர் ஒருநாள் ‘ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று பாடம் நடத்தினார். நான் எழுந்து, “ஐயா, ஈறு கெட்டுப்போனா பல் டாக்டராண்டதான போவணும்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் அன்று சாயந்திரம் வரை பெஞ்சு மேல் நின்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் கள்ளக்குறிச்சி.

நீ ஒன்பதாவது படித்த அந்த வருஷம்தான் உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தது. ஈறு வீங்கி, சும்மா இருக்கும்போதே ரத்தம் கசிந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசு, பொறுமையான பெண். பல்லில் கட்டியிருந்த காரையையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுச் சொன்னார்: “பிரஷ் பல்லோட முன்னாடியும் பின்னாடியும்தாம்மா போவும். ரெண்டு பல்லுக்கு நடுவுல போவாது. அங்கதான் அழுக்கு சேந்து ஈறு கெடுது. சக்கர இருக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் கெடும். ரெண்டு மூணு நாளைக்கு வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிங்க. அப்புறம் தினமும் படுக்கறதுக்கு முன்னாடி ஃப்ளாஸ் பண்ணுங்க. அத மட்டும் வுட்டுடாதீங்க. புரிஞ்சிதுங்களா?” அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் உன் அம்மாவை முந்திக்கொண்டு, “புரிஞ்சிதுங்க டாக்டர்” என்றேன். பத்தாவது வரை படித்தவன் அல்லவா. புரியவில்லை என்று சொல்ல எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். “கடசியா இன்னாய்யா பண்ண சொன்னாங்க?” நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “ஃப்ளாஸ்க்கு மே. வெந்நி ஆறிப்பூடாம இருக்கணுமில்ல? படுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா கொப்புளிக்கணும். அதான் ஃப்ளாஸ்க் பண்ணுங்கன்னாங்க.” “நல்ல வேள, நீ கூட வந்த. எனக்கு ஒண்ணியும் வெளங்கியிருக்காது” என்றாள். நேரே பாத்திரக் கடைக்குப் போனோம். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று தமிழய்யா கரும்பலகை நிறைய எழுதிப்போட்டபோது நான் ஜன்னல் வழியாக அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகக் கூடாத இடத்தில் ஒரு ‘க்’ மிகுந்தால் ஒரு பொம்பளையின் வாய் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை.

அந்த ஃப்ளாஸ்க்கை அவள் எப்படி வைத்திருந்தாள் என்று உனக்கே தெரியும். காலையில் வெந்நீர் போட்டு, உப்புப் போட்டு, கழனிக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். வெட்டு ஆட்கள் விடுவார்களா? “இன்னா அண்ணி, உள்ள காப்பியா, கஞ்சியா?” என்பான் ஒருத்தன். “கரும்பு வெட்ட வர்றவளுக்கு ஃப்ளாஸ்க்கு கேக்குது பாரு” என்பாள் ஒருத்தி. இவள் நிமிர்ந்து, “மருந்துத் தண்ணிடி. டாக்டரம்மா சொன்னது” என்பாள். யாராவது மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதில் பெயர் எழுதவேண்டும் என்றாள். தன் பெயரை இல்லை, ஃப்ளாஸ்க்கின் பெயரை. அவள் படித்தது மூன்றாவது வரை. நான் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். ‘ஃ’ என்ற எழுத்தைப் பார்த்து, “இது இன்னாய்யா, மூணு அடுப்புக்கல்லு மாதிரி கீது” என்றாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மிச்சமிருந்த நீலப் பெயிண்டைக் குச்சியில் தொட்டுத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘ஃப்ளாஸ்’ வரைக்கும் வந்து நிறுத்திவிட்டாள். “ஏ, க் உட்டுட்ட மே” என்று நான்தான் கத்தினேன். இடம் இல்லாமல் அதை அடிப்பக்கமாக வளைத்து நுழைத்தாள். இப்போதும் பார், அந்தக் கடைசி ‘க்’ மட்டும் விழப்போகிற மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் முதலில் எழுதினதுதான் சரியாக இருந்தது என்பது பூமியில் அன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. தனியாகத்தான் போனேன். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். “அம்மா எப்படி இருக்காங்க? ஃப்ளாஸ் பண்றாங்களா?” “ஒரு நாளும் வுடறதில்லீங்க. கழனிக்குக்கூட எடுத்துக்கினு போறா.” “கழனிக்கா?” “ஆமாங்க. செவப்புக் கலரு. ஒரு லிட்டர் புடிக்கும்.” பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. மேஜையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்து வெள்ளையாக ஒரு நூலை உருவினார். “ஃப்ளாஸ்னா இதுங்க. பல்லுக்கு நடுவுல வுட்டு எடுக்கற நூலு” என்றார். கையில் கண்ணாடியைக் கொடுத்து என் வாயிலேயே செய்து காட்டினார். நூல் இரண்டு பல்லுக்கு நடுவே இறங்கி, அந்தப் பல்லை ஒருமுறை, இந்தப் பல்லை ஒருமுறை தடவிக்கொண்டு மேலே வந்தது. நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. “மோந்து பாருங்க” என்றார். பார்த்தேன். எலி செத்த வீடு மாதிரி இருந்தது. அன்று காலையில்தான் கால் மணி நேரம் பல் தேய்த்துவிட்டுப் போயிருந்தேன். பிறகு அந்த டப்பாவையே என் கையில் கொடுத்து, “இத அம்மாகிட்ட குடுத்துச் சொல்லிக்குடுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. இப்பயே ஆரம்பிச்சா பல்ல காப்பாத்திடலாம்” என்றார்.

இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. அந்த வாக்கியத்தை நான் பன்னிரண்டு வருஷமாகச் சுமக்கிறேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். எப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஊரில் இறங்கினால் குழாயடியில் உன் அம்மா, பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் பேசிக்கொண்டிருந்தாள். “எங்க வூட்டுக்காரரு பத்தாவது படிச்சவருடி. டாக்டரம்மா இங்கிலீசுல சொன்னத கப்புனு புடிச்சிக்கினாரு. இல்லன்னா எனக்கு யாரு சொல்லித் தர்றது?” அஞ்சலை என்னை மரியாதையாகப் பார்த்தாள். என்னை யாராவது அப்படிப் பார்ப்பது அபூர்வம். ஊரையெல்லாம் கேலி செய்தவன். என்னை ஊர் கேலி செய்தால் தாங்கமாட்டேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. டப்பாவை மண்வெட்டிக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன்.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. அந்த நூலை நான் தூக்கிப்போடவில்லை. நான் போட்டுக்கொண்டேன். அந்த நாற்றம் என்னை விடவில்லை. தினமும் சாயந்திரம் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய், ஒருத்தருக்கும் தெரியாமல் என் பல்லை மட்டும் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். தீர்ந்தால் கள்ளக்குறிச்சி போய் மருந்துக்கடையில் வாங்கிவந்தேன். வீட்டுக்குள் அவள் வெந்நீரைக் கொப்பளித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு என் வாயில் முப்பது இருக்கிறது. அவள் வாயில் பதினொன்று. “உங்கப்பாவுக்கு இரும்புப் பல்லுடா” என்று அவள் உன்னிடம் பெருமையாகச் சொல்வாளே, அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவதை நீ கவனித்திருக்கிறாயா?

ஒரே ஒருமுறை, பாதிப் பொய்யாகச் சொல்லிப்பார்த்தேன். “பல்லு நடுவுல வுட்டு இழுக்கற நூலு மே. கடையில புதுசா வந்துகீது, நல்லதாம்” என்று ஒரு டப்பாவை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். “எனக்கு எதுக்குய்யா? நீ வாங்கிக் குடுத்த ஃப்ளாஸ்க்கே கீது. டாக்டரம்மா சொன்னத உட்டுட்டுக் கடக்காரன் பேச்ச கேக்க சொல்றியா?” என் முதல் பொய்யின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, என் இரண்டாவது பொய்யைத் தோற்கடித்துவிட்டது. நூல் வீணாகக் கூடாது என்று அதில் கனகாம்பரம் தொடுத்து வைத்துக்கொண்டாள். “இன்னாடி, உன் பூவு பப்பரமுட்டு வாசன அடிக்குது” என்று அஞ்சலை கேட்டாள். நூலில் தடவியிருந்த புதினா வாசனை அது. வாசனையே இல்லாத பூவுக்கு வாசனை வந்த அதிசயத்தைத் தெருவே மோந்து பார்த்தது. எல்லாரையும்விட நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதானே.

பிறகு கல்வராயன் மலையில் கரியாலூர். நீ காலேஜ் இரண்டாம் வருஷம். அருவி பார்க்க நாம் மூன்று பேரும் உன் மாமன் வீட்டாரும் போனோமே. பஸ் வந்தபோது உன் அம்மா போர்டைப் பார்த்து, “க... ரி... யா... லூ... ர். ஏறு ஏறு, நம்ம பஸ்ஸுதான்” என்று படித்துக் காட்டினாள். ஃப்ளாஸ்க் எழுதின நாளிலிருந்து அவளுக்கு எழுத்துக்கூட்டுவதில் ஒரு குஷி. அருவிக்குப் போகிற வழியில் சுட்ட மக்காச்சோளம் வாங்கினோம். அவள் ஒரு கடி கடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். சோளக் கதிரில் மஞ்சள் முத்துகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு முத்து நட்டுக்கொண்டு நின்றது. முன்பல். ஆடிக்கொண்டிருக்கிறது என்று அவள் ஒருமாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பல். நான் அவளைப் போய்ப் பிடித்திருக்க வேண்டும். எனக்கோ மண்வெட்டிக்குப் பின்னால் வைத்த டப்பாதான் கண்ணில் நின்றது. அப்படி இருக்கும்போது என் வாய் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். “டேய், கல்வராயன் மலைக்கு வந்து உங்கம்மா பல்வராயன் ஆயிட்டாடா! இனிமே பல் வரா!” என்று கத்தினேன். உன் மாமன் சிரித்தார். நீ சோளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். உன்மேல் தப்பில்லை, சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை ஏழு வருஷமாக இறங்கவில்லையடா.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. வாய் பல்லாங்குழி ஆயிற்று. பிடுங்குவதற்கெல்லாம் வேறு எங்கெங்கோ கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மாவிடம் மட்டும் போகவில்லை. போனால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்க்கரையால்தான் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சர்க்கரைக்கும் பங்கு உண்டுதான். நூல் போட்டிருந்தாலும் சில பல் போயிருக்குமோ என்னமோ. எத்தனை சர்க்கரை தின்றது, எத்தனை என் ‘க்’ தின்றது என்று பிரித்துச் சொல்ல இப்போது எந்த டாக்டராலும் ஆகாது. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி நீ போன மாதம் எவ்வளவோ கெஞ்சினாய். “இருக்கறதே ஆடிக்கினு கீது, அதுல எத கட்டறது? போட்டோவுல நான் ஓரமா நின்னுக்கறேன்” என்றாள். பெற்ற மகன் கல்யாணத்தில் ஓரமாக நின்றுகொள்கிறாளாம்.

சரி, உன் வாய்க்கு வருகிறேன். ரத்தம் வந்தால் அழுக்குப் போனதாக அர்த்தமில்லை. ஈறு கெட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவாய், அது இன்னும் கெடும். அழுத்தித் தேய்க்காதே; தரை கழுவுகிற வேலை இல்லை அது. பெட்டியில் ஃப்ளாஸ்க்குக்குள் ஒரு துணியில் சுற்றி இரண்டு டப்பா நூல் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் பெண்டாட்டிக்கு. ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்துக்கொள். இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொள், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு அங்குலத்தை மட்டும் விறைப்பாகப் பிடி. பல்லுக்கு நடுவே வெடுக்கென்று இறக்காதே, ஈறு அறுந்துபோகும்; ரம்பம் மாதிரி மெல்ல ஆட்டி ஆட்டி இறக்கு. இறங்கினதும் கதிர் அரிவாள் நெல்லுத் தாளை அணைக்கிற மாதிரி நூலை வளைத்து ஒரு பல்லை அணை, ஈறுக்குக் கொஞ்சம் கீழே போகிற வரைக்கும் மேலும் கீழுமாகத் தடவு. அப்புறம் பக்கத்துப் பல்லை. ஒருத்தியை அணைத்துவிட்டு இன்னொருத்தியை விட்டுவிடாதே. இது பல்லுக்கு மட்டும் சொல்கிற புத்தி. ஒவ்வொரு இடுக்குக்கும் நூலின் புது இடத்தை நகர்த்திக்கொள். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தையும் மறக்காதே. முதல் சில நாள் ரத்தம் வரும், பயப்படாதே, ஈறு தேறத் தேற நின்றுவிடும். ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் நிற்கவில்லை என்றால் நீ இருக்கிற ஓசூரிலேயே ஒரு பல் டாக்டரிடம் போய்க் காரையை எடுத்துக்கொள். நீயும் ஒருமுறை சர்க்கரையைப் பரிசோதித்துப் பார். அம்மா வழியில் வருவது அது. இடுக்கு பெரிதாக இருந்தால் நூல் போதாது. புட்டி கழுவுகிற பிரஷ் மாதிரியே குட்டியாக ஒன்று விற்கிறது, அதைக் கேட்டு வாங்கு. டாக்டர் ஏதாவது சொல்லிப் புரிந்ததா என்று கேட்டால், புரியவில்லை என்று சொல். வாய்விட்டுச் சொல். அதற்கு மட்டும் வெட்கப்படாதே. உங்கள் கல்யாணத்தில் எல்லாரும் பல்லாண்டு வாழ்க என்பார்கள். நான் பிரித்துத்தான் சொல்வேன்: பல் ஆண்டு வாழ்க.

உன் அம்மாவிடம் நான் எப்போது சொல்லப்போகிறேன் என்று கேட்பாய். இன்றைக்கு. அவள் பஸ்ஸைவிட்டு இறங்கினதும். இதே ‘இன்றைக்கு’ என்பதைத்தான் போன வெள்ளிக்கிழமையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாக்கி இருக்கிற பதினொன்றையாவது காப்பாற்ற வேண்டும், அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிப்போக வேண்டும், எல்லாம் தெரிகிறது. வாயைத் திறந்தால் கேலிதான் வருகிறது. ஐம்பத்தைந்து வயசில் என் வாயில் முப்பது பல் இருந்து என்ன, ஒரு சொல் வரவில்லையே. வெளியே பஸ் சத்தம் கேட்கிறது. கடைசியாக ஒருமுறை எழுதிவிடுகிறேன், மறக்காமல் இருக்கப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: தினமும், படுக்கப் போகிறதுக்கு முன்னால், தவறாமல் பண்ணு, ஃப்ளாஸ்க்

அந்தக் கடைசி எழுத்து நான் எழுதினதில்லை.

செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் வந்து நின்றுவிட்டாள். “இன்னாய்யா எழுதிக்கினு கீற, பையனுக்கா?” என்றாள். நான் தாளை மூடப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெரிய எழுத்தில் விரலை வைத்துவிட்டாள். அவளுக்குப் பார்த்ததும் தெரிகிற வார்த்தை அது ஒன்றுதான். “மூணு அடுப்புக்கல்லு... ப்... ளா... ஸ்...” என்று கூட்டிப் படித்தாள். விரல் தாளில் மேற்கொண்டு நகர்ந்தது, அங்கே ஒன்றும் இல்லை. “யோவ்! க் உட்டுட்ட!” என்றாள். “பத்தாவது படிச்ச ஆளு, ஒரு எழுத்த உட்டுட்டியேய்யா! அன்னிக்கி என்ன இன்னா கேலி பண்ண!” என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் எழுதினாள். இரண்டு கையும் வேலையாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், தம்பி. வாயைப் பொத்தாமல், கரும்புத் தோட்டத்தில் அன்றைக்குச் சிரித்த மாதிரி, பதினொன்றும் தெரிய. ஏழு வருஷம் கழித்து நான் பார்க்கிறேன். அந்த நேரத்தில் என்னால் எப்படியடா சொல்ல முடியும்?

இப்போது உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள். “மூடிய நல்லாத் திருவி வைக்கச் சொல்லி எழுதுய்யா, அவன் எதையும் பாதியில உடறவன்” என்று அங்கிருந்தே சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் உன் அம்மா கைப்பட எழுதினது அந்த ஒரு எழுத்துதான். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. நீ அதை விட்டுவிட்டுப் படி. ஆனால் அடித்துவிடாதே.

உன் அப்பன்